மழைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ஐயா, பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதிக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிப் பலகையில் பருவநிலை, எரிசக்தி பற்றி ஒரு செய்தி எழுதி ஒட்டுவேன். பெரும்பாலும் புலனத்தில் வருவது, இல்லையென்றால் முகநூலில் பார்ப்பது. சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "டீச்சர், அன்னைக்கு 1.5 டிகிரி தாண்டியாச்சு, பூமி அவ்வளவுதான்னு எழுதினீங்க. அடுத்த வாரம் சோலார் வந்து எல்லாத்தையும் காப்பாத்திடும்னு எழுதினீங்க. எது சரி?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் என் மாமா, தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவர், "1998லேயே சூப்பிங்கில் 40 டிகிரி அடித்தது, இதெல்லாம் கதை" என்கிறார். என் கணவர் இருக்கும் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு கம்பெனி சோலார் போட விலை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைப் படித்தாலும் புரியவில்லை. தினம் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். இதையெல்லாம் எப்படித் தொடர்ந்து கவனிப்பது?
— ஆசிரியை, பீடோங்

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்கு என் சார்பாக ஒரு மைலோ வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரத்துச் செய்தியை மனதில் வைத்து ஒப்பிட்டிருக்கிறான். நாம் பெரியவர்கள் அதைச் செய்வதில்லை. இன்றைய செய்தி வந்தால் நேற்றையது அழிந்துவிடுகிறது.

நான் பருவநிலை விஞ்ஞானி இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைத் தோட்டங்களுக்கு மண், உரம், விளைச்சல் ஆலோசனை சொல்லிப் பிழைத்தவன். மழை தவறினால் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தினம் அரை மணி நேரம் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி போதும். தினமும் படித்தால்தான் குழப்பம் வருகிறது.

உங்கள் மாமா கிராணியாக இருந்தவர் என்றால் மழைப் புத்தகம் என்றதும் அவர் முகம் மலரும். ஆபீஸுக்கு முன்னால் புல் தரையில் ஒரு தகர உருளை நட்டு வைத்திருப்பார்கள். மேலே புனல், உள்ளே பாட்டில். காலை 7 மணிக்குப் பாட்டிலை எடுத்து, கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, கோட்டைப் படித்து, நீளப் பேரேட்டில் எழுதுவார்கள். பழைய பக்கங்களில் அங்குலக் கணக்கு, பிறகு மில்லிமீட்டர். நான் போன ஒரு தோட்டத்தில் 1950களிலிருந்து புத்தகம் இருந்தது. கரையான் தின்ற பக்கங்களைத் தவிர ஒரு நாள் விட்டுப்போகவில்லை. கையெழுத்து ஐந்தாறு முறை மாறியிருந்தது, உருளை நின்ற இடம் மாறவில்லை.

உலகம் சூடாகிறது என்ற அறிவியலின் முதுகெலும்பும் இப்படி ஒரு புத்தகம்தான். 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்கர் ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு என்று வந்தது. மறுநாளும் அளந்தார். அதற்கு மறுநாளும். 1964இல் பணம் வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவு நின்றுபோனது. இன்றைக்கும் அந்த வரைபடத்தில் அந்த இடைவெளி பல் விழுந்தது போலத் தெரியும். 2022 நவம்பர் கடைசியில் மௌனா லோவாவே வெடித்து, எரிமலைக் குழம்பு பாதையையும் மின்கம்பிகளையும் அறுத்துவிட்டது. பக்கத்து மலையான மௌனா கேயாவில் கருவி வைத்து அளந்தார்கள். கீலிங் 2005இல் இறந்துவிட்டார். புத்தகம் தொடர்கிறது, மகன் அதே வேலையைப் பார்க்கிறார்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு அந்த எண் 280 வாக்கில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 1960களில் ஆண்டுக்கு 1 பங்கு கூடக் கூடவில்லை. 2023க்கும் 2024க்கும் இடையே மட்டும் உலகச் சராசரி 3.5 பங்கு ஏறியது. அளக்க ஆரம்பித்த பிறகு ஒரே ஆண்டில் அவ்வளவு ஏறியதில்லை என்று உலக வானிலை அமைப்பு 2025 அக்டோபரில் சொன்னது. எரித்த நிலக்கரியும் எண்ணெயும் ஒரு பக்கம். அந்த ஆண்டுகளில் பசிபிக் கடல் சூடாகி வந்த எல் நினோ வறட்சியில் காடுகள் எரிந்ததும், மிச்சமிருந்த காடுகள் வழக்கமாக உறிஞ்சுகிற அளவு உறிஞ்சாததும் இன்னொரு பக்கம். "பருவநிலை அறிவியலில் புதிதாக என்ன?" என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஒரு எண்ணைத்தான் சொல்வேன். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், இதற்குச் சம்பந்தம் உண்டு. 2016 நடுவில் ஒரு தோட்டத்து மானேஜர் கூப்பிட்டார். குலை விளைச்சல் விழுந்துவிட்டது, லோரி பாதி காலியாக மில்லுக்குப் போகிறது என்றார். போய்ப் பார்த்தேன். வெயில் இல்லை, மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது, தரையெல்லாம் பச்சை. அந்த மாதம்தான் எல் நினோ முடிந்தது என்று வானிலைச் செய்தியும் வந்திருந்தது. அதனால் வறட்சியை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மட்டையில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது, பொட்டாஷ் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தோட்டம் கணிசமாகப் பணம் செலவழித்தது. குலை ஏறவில்லை.

அங்கிருந்த வயதான கிராணி ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது மழைப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. 2014 தொடக்கத்தில் ஒரு வறட்சி, 2015இல் இன்னொரு வறட்சி. பக்கத்துக்குப் பக்கம் சைபர்.

செம்பனையில் குருத்துக்குள் பூ உருவாகி, குலை பழுத்து வெட்டுக்கு வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். நடுவில் மரம் காய்ந்தால், பெண் பூவாக வரவேண்டியது ஆண் பூவாக வரும். வந்த பெண் பூவும் கருகும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிய ஒன்று, ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடிக்கும். நான் பார்த்தது பழைய வறட்சியின் கணக்கு. நாடு முழுக்க அதே கதைதான்: 2015இல் மலேசியாவின் கச்சாப் பாமாயில் உற்பத்தி 19.96 மில்லியன் டன், 2016இல் 17.32 மில்லியன் டன். படித்த படிப்பெல்லாம் இருந்தும், நான் அன்றைய வெயிலையும் அன்றைய செய்தியையும் பார்த்துத் தீர்ப்பு எழுதினேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார்.

புலனத்துச் செய்திகளை நம்பி நாம் செய்வதும் இதே தப்புதான். ஒரு செய்தி எந்தத் தேதியில் வந்தது என்பது வேறு, அது எத்தனை ஆண்டுக் கணக்கைப் பேசுகிறது என்பது வேறு.

1.5 டிகிரி விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அது உண்மை. 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளும்தான் அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடான பத்து. அதுவும் உண்மை. ஆனால் 2015இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்ட 1.5 என்பது ஒரு ஆண்டுக் கணக்கு இல்லை, இருபது ஆண்டு அளவிலான சராசரி. அந்த நீண்ட கணக்கில் 2024 முடியும்போது 1.34க்கும் 1.41க்கும் நடுவில் இருந்தோம் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு. ஒரு மாதம் வெட்டு அமோகமாக இருந்தது என்பதற்காக 'ஏக்கருக்கு இத்தனை டன் தோட்டம்' என்று யாரும் ஆண்டறிக்கையில் எழுதுவதில்லை, இல்லையா? அதே மாதிரிதான். கோட்டுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டோம், தாண்டத்தான் போகிறோம் போலிருக்கிறது. ஆனால் 1.5 என்பது விழுந்தால் சாவு என்ற பாறை விளிம்பும் இல்லை. 1.6 ஆனால் 1.5ஐவிட மோசம், 1.7 ஆனால் அதைவிட மோசம். 'பூமி அவ்வளவுதான்' என்று பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் பலகையில் எழுதாதீர்கள், டீச்சர். அது அறிவியலும் இல்லை, பிள்ளைகள் இரவில் தூங்கவும் மாட்டார்கள்.

அப்படியானால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில்? இரண்டும் சரிதான் என்று சொல்லுங்கள். ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரரிடம்) மாதம் 100 வெள்ளி கடன் வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது 80 வெள்ளிதான் வாங்குகிறார் என்றால் நல்ல செய்திதான். கடன் குறைந்ததா? இல்லை, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. உலகம் இன்னும் அந்த 80க்குக்கூட வந்து சேரவில்லை. ஆனால் வாங்குகிற வேகம் முன்போலத் தாறுமாறாக ஏறவில்லை. சோலார் செய்தி மாதாந்திரக் கடனைப் பற்றியது, 1.5 செய்தி மொத்தக் கடனைப் பற்றியது. ஐந்தாம் ஆண்டுப் பையனுக்கு இது தாராளமாகப் புரியும். ஆலோங் யார் என்று நீங்கள் விளக்கவேண்டியதுகூட இருக்காது.

இப்போது மாமா. சூப்பிங் கணக்கை அவர் சரியாகத்தான் சொல்கிறார். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, பெர்லிஸ் மாநிலம் சூப்பிங்கில் 40.1 டிகிரி. மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் அது. அவரோடு சண்டை போடாதீர்கள், அவர் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஒரு வெட்டுக்காரர் ஒரே ஒரு நாள் எல்லாரையும் மிஞ்சி வெட்டினார் என்பது சாதனை. அந்தத் தோட்டத்தின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டை முழுக்கக் கூட்டவேண்டும். ஒரு ஊரில் ஒரு பிற்பகலில் அடித்த உச்சத்தை வைத்து உலகச் சராசரியைப் பேசமுடியாது. அதுவும் 1998 என்பது அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோ ஒன்றின் பின்பகுதி. அந்த ஆண்டு அன்றைக்கு உலக அளவில் சாதனை ஆண்டு. இன்று அது மேலே சொன்ன பத்துக்குள் வராது.

அடுத்து அவர் "சூரியன்தான் சூடாகிறது" என்பார், பாருங்கள். எல்லா மாமாக்களும் அங்கேதான் வருவார்கள். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் வலுவை அளக்கின்றன. பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகிறதே தவிர, உலகம் சூடான அளவுக்கு அது ஏறவில்லை. இன்னொரு தடயமும் உண்டு. சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகவேண்டும். ஆனால் நாம் மூச்சு விடுகிற கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்ந்திருக்கிறது. கீழே ஏதோ வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால்தான் அப்படி நடக்கும். 1967இலேயே சியுக்குரோ மனாபேயும் அவருடைய கூட்டாளியும் கணினியில் இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 54 ஆண்டு கழித்து.

அதனால்தான் சொல்கிறேன், அறிவியல் பக்கம் செம்பனை மாதிரி, அவசரப்பட்டுப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எரிசக்திப் பக்கம் வெண்டைக்காய்ப் பாத்தி மாதிரி, மாதத்துக்கு மாதம் மாறும். 2010லிருந்து பார்த்தால் சோலார் மின்சாரத்தின் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 2024இல் உலகத்தில் உற்பத்தியான மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியோ எரிவாயுவோ எண்ணெயோ எரிக்காமல் வந்தது; நீர், அணு, காற்று, வெயில் எல்லாம் சேர்த்து. இங்கே செய்தி உண்மையிலேயே புதிதாக வரும். கூடவே புளுகும் வரும்.

புளுகைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பாடம் போதும்: வாட்டும் வாட் மணியும் வேறு. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், 50 பேர் பெயர் கொடுத்தார்கள் என்றால் அது கிலோவாட். சாயங்காலம் லோரியில் ஏறிய குலை எத்தனை டன் என்றால் அது கிலோவாட் மணி. பெரட்டுக் கணக்கைக் காட்டிக் குலைக் கணக்கு என்று சொல்கிற செய்திதான் பாதிக்கு மேல். 2050க்குள் மலேசியாவின் மின்சாரத்தில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது என்று ஒரு வரி அடிக்கடி சுற்றும். 2023இல் அரசு வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டத்தில் இருப்பது 70 விழுக்காடு நிறுவுதிறன், அதாவது பெரட்டில் நிற்பவர்கள். வெயில் ராத்திரி வேலைக்கு வராது, மழை நாளில் பாதி நாள்தான். குலைக் கணக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியை இவ்வளவு நம்பியிருக்கும் தீபகற்பத்துக்கு அது பெரிய மாற்றம்தான். பலகையில் எழுதும்போது 'நிறுவுதிறன்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இதே பாடம் அமெரிக்காவுக்கும் பொருந்தும். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வுக்கூடம் லேசரை வைத்து அணுக்கருவை இணைத்து, உள்ளே கொடுத்ததைவிட அதிக சக்தி எடுத்தது என்று உலகமே கொண்டாடியது. எனக்கு மட்டும் எட்டுப் பேர் அனுப்பினார்கள், "ஐயா, இனிமேல் கரண்டு பில்லே வராதாம்" என்று. நடந்தது இது: லேசர் இலக்கில் கொட்டியது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். அறிவியலில் அபாரமான சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த லேசரை ஒரு முறை சுட வைக்கச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் ஏறக்குறைய 300 மெகாஜூல். செய்தியின் மூன்றாவது பத்தியில் அதுவும் இருந்தது. தலைப்போடு நின்றவர்கள்தான் எனக்கு அனுப்பியவர்கள்.

வெள்ளச் செய்தியில் வேறு விதமான கவனம் வேண்டும். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து கெப்பாலா ஆயர் என்கிற திடீர் மலை வெள்ளம் இறங்கி யான், மெர்போக் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அது போன்ற ஒன்று நடந்தால் 'பருவநிலை மாற்றத்தால் வெள்ளம்' என்று மறுநாளே எழுதிவிடாதீர்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் கொட்டுகிற மழை இன்னும் வேகமாகக் கொட்டுகிறது என்பது இயற்பியல். ஆனால் குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தில் அதன் பங்கு எவ்வளவு, மலைச் சரிவின் பங்கு எவ்வளவு, மரம் வெட்டியதன் பங்கு எவ்வளவு என்று சொல்ல ஆய்வு வேண்டும். ஆய்வு வரும்வரை 'இப்படிப்பட்ட மழை கூடுகிறது' என்று எழுதினால் தப்பாகாது.

சரி, கோயில் சோலார். விலைத்தாளின் படத்தை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். கம்பெனி பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தேன், அதனால் அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று சொல்லமாட்டேன். 10 கிலோவாட் அமைப்பு என்று போட்டிருக்கிறது. பெரட்டில் 10 பேர். நம் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 3.5 முதல் 4 கிலோவாட் மணி தரும். ஆக நாளைக்கு 35 முதல் 40, மழைக்காலத்தில் அதற்குக் கீழே. தாளில் 'தினசரி உற்பத்தி 60' என்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு நல்ல வெயில் நாளின் உச்சத்தை எடுத்து ஆண்டு முழுக்கப் பெருக்கியிருந்தால்கூட அவ்வளவு வராது.

அதைவிடப் பெரிய கேள்வி, கோயில் எப்போது கரண்டு எரிக்கிறது? காலைப் பூசை 6 முதல் 8, சாயங்காலம் 6 முதல் 9. நடுவில் நடை சாத்தியிருக்கும். பலகை நன்றாக வேலை செய்வது காலை 10 முதல் 3 வரை. பேட்டரி இல்லையென்றால் விளைகிற கரண்டில் பெரும்பகுதி கம்பி வழியாக மின்சார நிறுவனமான டி.என்.பி.க்குப் போகும், சாயங்காலம் நீங்கள் டி.என்.பி.யிடமிருந்து வாங்குவீர்கள். அனுப்பியதற்கு என்ன விலை கொடுப்பார்கள் என்பதில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. பழைய என்.இ.எம். 3.0 திட்டத்தில் வீடுகளுக்கு, அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு வாங்கிய ஒரு யூனிட் என்று பில்லில் கழித்தார்கள். அது 2025 ஜூன் 30உடன் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது சோலார் ஆத்தாப். (நம் தாத்தாக்கள் அத்தாப்புக் கொட்டகை என்றார்களே, அதே கூரைதான். பெயர் வைத்தவருக்கு ரசனை இருக்கிறது.) இரண்டு திட்டங்களின் விதிகளும் ஒன்றல்ல. தாளில் போட்டிருக்கும் 'ஐந்து ஆண்டில் போட்ட பணம் திரும்பும்' என்ற கணக்கு எந்தத் திட்டத்தின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். சேடா என்ற நீடித்த எரிசக்தி வாரியத்தின் இணையப் பக்கத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அப்புறம் நிழல். படத்தில் மண்டபக் கூரையின் கிழக்கே ஒரு அரசமரம் தெரிகிறது. கோபுரம் வேறு இருக்கிறது. பலகைகளை வரிசையாகக் கோர்த்திருந்தால், ஒரு பலகையில் விழுகிற நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும். உங்கள் கணவரை ஒரு ஞாயிறு காலை 9, மதியம் 12, மாலை 4 என்று மூன்று நேரம் கூரையைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர் வந்து பார்த்தது எத்தனை மணிக்கு என்றும் கேட்கட்டும். மரத்தை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் நிர்வாகக் கூட்டத்தில் என் பெயரை இழுக்காதீர்கள். என்னைக் கேட்டால் முதலில் பழைய குழல் விளக்குகளை மாற்றி, ஒலிபெருக்கியில் பாதியைக் கழற்றினாலே பில் குறையும், காதுக்கும் நல்லது.

உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே எரிசக்திப் பாடம் இரண்டு இருக்கிறது, அதையும் பலகையில் சேருங்கள். ஒன்று, புக்கிட் செலாம்பாவ் பக்கம் இருக்கிற 30 மெகாவாட் சோலார் பண்ணை. பிள்ளைகள் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பார்கள். இன்னொன்று, செம்பனை மில்லின் கழிவுநீர்க் குளம். அந்த நாற்றம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அங்கே குமிழி விடுவதில் மீத்தேன் இருக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கும் வாயு. குளத்தை மூடி அதைப் பிடித்து எரித்துக் கரண்டு எடுக்கிற மில்களும் நாட்டில் இருக்கின்றன. அப்பா மில்லில் வேலை செய்கிற பிள்ளை யாராவது இருந்தால், அங்கே குளம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஹவாய்க்குப் போகாமலேயே ஒரு செய்தி கிடைக்கும்.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். உங்களுக்கு மலாய் நன்றாக வரும், அதனால் நம் வானிலைத் துறையான மெட்மலேசியாவின் இணையப் பக்கம் முதலில். வெயில் கூடினால் அவர்கள் நிலை 1, 2, 3 என்று அறிவிப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி என்றால் நிலை 1. திடல் பயிற்சி வைக்கலாமா என்று முடிவெடுக்க உலகச் சராசரியைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும். எல் நினோ நிலவரத்தை அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை வெளியிடுகிறது, அதற்கு முன்னால் வருகிற எல் நினோ வதந்தி எதையும் திறக்காதீர்கள். உலக வெப்பத்துக்கு உலக வானிலை அமைப்பின் ஆண்டறிக்கை, மார்ச் வாக்கில். எரிசக்திக்குச் சர்வதேச எரிசக்தி முகமையின் பெரிய அறிக்கை, அக்டோபர், நவம்பர் வாக்கில். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் பெரிய அறிக்கைகள் ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறைதான். கடைசிச் சுற்று 2021இல் தொடங்கி 2023இல் முடிந்தது. அதில் கொள்கை வகுப்பாளர்களுக்கு என்று ஒரு சுருக்கம் இருக்கும், ஆங்கிலத்தில் முப்பது நாற்பது பக்கம். ஒரு பள்ளி விடுமுறையில் ஒரு முறை, அகராதியோடு உட்காருங்கள். மிச்ச நாளெல்லாம் வருகிற 'புதிய ஆய்வு சொல்கிறது' வகையைக் கேட்டுக்கொள்ளலாம், பலகையில் ஏற்றவேண்டாம். ஒரு ஆய்வு என்பது ஒரு நாள் மழை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்ட ஆபீஸுக்கு மாமாவையே அனுப்பி மழைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். கிராணிக்குக் கிராணி மறுக்கமாட்டார்கள். மாமா மாதக் கூட்டுத் தொகையைப் படிக்கட்டும், பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் குறிக்கட்டும். அதோடு பள்ளித் திடலில் நீங்களும் ஒரு மழைமானி வையுங்கள். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நிற்கட்டும், பிறகு நகர்த்தவே கூடாது. காலை 7 மணிக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படிக்கவேண்டும், ஒருவர் படித்து மற்றவர் எழுதவேண்டும். வெள்ளி, சனி பள்ளி இல்லை என்பதால் ஞாயிறு காலை எடுக்கிற அளவுக்குப் பக்கத்தில் 'மூன்று நாள்' என்று எழுதச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, சைபர் போடவேண்டும். காலியாக இருந்தால், பத்து ஆண்டு கழித்துப் பார்க்கிறவருக்கு அன்றைக்கு மழை வரவில்லையா, பிள்ளை வரவில்லையா என்று தெரியாது.